ரங்கூன் போக ஒரு கைநாட்டு

1950ஆம் வருஷம் பிப்ரவரி 8, புதன்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்குத் தண்டையார்பேட்டை ஸ்டேஷனில் வண்டி ஏறினேன். எண்ணூர் வரை டிக்கெட் மூன்றணா. தூரம் எட்டு மைலுக்குக் கிட்ட. நின்று நின்று போகிற வண்டி.

ரங்கூன் போன கதையை எண்ணூரில் தொடங்குவானேன் என்று கேட்கலாம். கப்பலில் படுத்துக்கொண்டு போவதில் எழுத ஒன்றும் இல்லை. நான் போன பயணம் இந்த எட்டு மைல்தான். தண்டையார்பேட்டையிலும் வண்ணாரப்பேட்டையிலும் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். திரும்பிப் போக வழி உண்டா என்று கேட்கிறார்கள். அம்மா வழியில் பர்மா ரத்தம் இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. அதை எழுதுகிறேன். என்ன செலவு ஆகும் என்பதையும் எழுதுகிறேன்.

என் பேர் மாணிக்கம். அம்மா வைத்த பேர் மவுங் சோ. பிறந்தது டல்லா. ரங்கூன் ஆற்றுக்கு அக்கரை. அப்பாவை நைனா என்று கூப்பிடுவேன். அவருக்குச் சொந்த ஊர் எண்ணூர் நெட்டுக்குப்பம். டல்லாவுக்கும் ரங்கூனுக்கும் நடுவில் சாம்பான் படகு ஓட்டினார். அம்மா மா மியா டல்லாக்காரி, பர்மாக்காரி. அங்கே தாலி கிடையாது. ஒரே தட்டில் சாப்பிட்டு ஒரே வீட்டில் இருந்தால், அக்கம்பக்கம் அறிந்தால், அதுதான் கல்யாணம். அப்படித்தான் இருபது வருஷம் இருந்தார்கள்.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் மூன்று பேரும் இந்தியாவுக்கு நடந்தோம். தவுங்கூப் கணவாயில் காலரா. அம்மா அங்கேயே போய்விட்டாள். இரண்டு பேராகச் சென்னை வந்தோம்.

அகதி முகாமில் பதிவு எழுதினார்கள். இறந்த மனைவியின் பேர் என்ன என்று கேட்டார்கள். நைனா, பச்சையம்மாள் என்றார். மியா என்றால் பச்சைக்கல். அதை அப்படி ஆக்கிக்கொண்டார். எந்த ஊர் என்று கேட்டதற்கு நெட்டுக்குப்பம், எங்கள் ஆட்கள் என்றார். எழுதினவர் என்னைப் பார்த்துச் சரிதானா என்றார். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. தலையை ஆட்டினேன்.

நைனா ஏன் அப்படிச் சொன்னார் என்று அன்றே எனக்குத் தெரியும். எண்ணூர் முகத்துவாரத்தில் எறா வலை போட முறை இருக்கிறது. அதற்குப் பாடு என்று பேர். மூன்று இடம், முறை உள்ள ஆட்கள் முப்பது தலைக்கட்டு. ஒரு தலைக்கட்டுக்குப் பத்து நாளைக்கு ஒரு நாள். மற்ற ஒன்பது நாள் அந்தத் தண்ணீரில் அவன் கை வைக்க முடியாது. அம்மா அப்பா இரண்டு பக்கமும் ஊர் ஆட்களாக இருந்து, வெளியே கட்டாதவனுக்குத்தான் பாடு. வெளியே கட்டினால் பேர் எடுத்துவிடுவார்கள். பச்சையம்மாள் என்று சொன்னதால் நைனாவுக்குப் பாடு கிடைத்தது. பிறகு எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். நான் தண்டையார்பேட்டை எண்ணெய் ஆலையில் பாய்லருக்குப் போய்விட்டேன். என் முறையிலும் நைனாதான் வலை போட்டார்.

போன மாதம் ஆலையை மூடிவிட்டார்கள். அதற்கு முன்பே அம்மாவின் தம்பி ஊ சான் டல்லாவிலிருந்து கடிதம் போட்டிருந்தார். அவர் அங்கே ஓர் அரிசி ஆலையில் மேஸ்திரி. பாய்லருக்கு ஆள் வேண்டும், சம்பளம் நூற்றிருபது ரூபாய். புதுச் சட்டப்படி, அங்கே பிறந்து பர்மா ரத்தம் உள்ளவன் அந்த நாட்டுக்காரன், வா என்று எழுதியிருந்தார். நான் பர்மாவில் இருந்ததற்கு என்னிடம் இருந்த ஒரே காகிதம் முகாம் பதிவுதான். நகல் எடுத்து அனுப்பினேன். பர்மிட் வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. பதிவில் தாய் பேர் வேறாக இருக்கிறது, அதைச் சொல்லி எழுதவைத்தவரே அது தவறு என்று மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். மாத முடிவோடு பர்மிட் காலாவதி. அதற்குள் ஒரே கப்பல், சனிக்கிழமை.

செவ்வாய்க்கிழமை வண்ணாரப்பேட்டையில் காதர் பாயைப் பார்த்தேன். துணிக்கடை வைத்திருக்கிறார். ரங்கூன் மொகல் தெருவில் இருபத்தைந்து வருஷம் கடை வைத்திருந்தவர். அவர் மூட்டைகளை நைனாதான் சாம்பானில் ஏற்றுவார். அம்மா கையால் சாப்பிட்டிருக்கிறார். பர்மிட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்க குடியரசாகிப் பன்னண்டு நாளாச்சு. அப்பன் வழியில இங்க ஒரு குடிமகன். ஆத்தா வழியில அங்க ஒரு குடிமகன். நான் இருபத்தஞ்சு வருஷம் வரி கட்டுனேன், எனக்கு ஒண்ணுமில்ல. உனக்கு மூக்கப் பாத்தே பர்மிட் குடுத்துட்டான்" என்றார்.

இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கொஞ்ச நாளைக்கு என்றார். அப்புறம் ஒன்றை விடச் சொல்வார்கள். எதை விடுவது என்று நானே முடிவு பண்ணவேண்டி இருக்காது, அவர்களே பண்ணிவிடுவார்கள் என்றார். சாட்சிக்கு வருகிறேன் என்றும் சொன்னார்.

இனி வண்டிக்கு வருகிறேன்.

கொருக்குப்பேட்டை ஆட்கள் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். எதிரே காலிக் கூடைகளோடு மீன்காரம்மா ஒருத்தி. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருவொற்றியூர் தாண்டினதும் கேட்டுவிட்டாள்.

"இன்னா நைனா, நீ சைனாவா சப்பானா?"

"நெட்டுக்குப்பம்."

"அடப் போய்யா" என்று பக்கத்தில் இருந்தவளைத் தட்டிச் சிரித்தாள். "இந்த மூஞ்சி அங்க எந்த வலையில மாட்டிச்சு?"

நானும் சிரித்தேன். எட்டு வருஷமாக இதுதான்.

கத்திவாக்கத்தில் உப்பளம் வெள்ளையாகக் கிடந்தது. பெண்கள் மிதித்துக்கொண்டிருந்தார்கள். கால்வாயில் இரண்டு படகு, ஒன்றில் சவுக்குக்கட்டை, ஒன்றில் கிளிஞ்சல். ஆறரைக்கு எண்ணூரில் இறங்கினேன். ஸ்டேஷன் வாசலில் டீ ஓரணா. அங்கிருந்து நெட்டுக்குப்பம் மணலில் ஒன்றரை மைல் நடை. செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வது நல்லது.

நைனா வீட்டுக்கு வெளியே வலை பிரித்துக்கொண்டிருந்தார். அறுபது இன்னும் ஆகவில்லை. ஆனால் இரண்டு வருஷமாக நெஞ்சு வலி. கட்டுமரத்தில் கடலுக்குப் போவதில்லை. முகத்துவாரத்துப் பாடுதான் ஜீவனம். இங்கே வந்து இரண்டாவது கல்யாணம் பண்ணினார். சின்னம்மாவுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

"இன்னாடா, வேல நாள்ல வந்துகீற?" என்றார்.

வேலை இல்லை என்றேன். கடிதத்தையும் பர்மிட்டையும் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் சொன்னதைக் கேட்டார். நான் முடித்த பிறகு வலையில் இரண்டு முடிச்சுப் போட்டார்.

"ஊரக் கேக்காம கை வெக்க மாட்டேன்."

கேட்டால் என்ன சொல்வார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஊரிடம் சொல்லாமல் நாளைக்கே ராயபுரம் கோர்ட்டுக்குப் போய்க் கைநாட்டு வைத்துவிட்டு வந்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்றேன். மாஜிஸ்திரேட் முன்னால் வைக்கிற கை ஊருக்கு வராமல் எங்கே போகும் என்றார். மறைத்து வைத்துப் பிறகு தெரிந்தால் பாடும் போகும், அபராதமும் வரும்.

சின்னம்மா உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். வைத்த கையோடு சொன்னாள்:

"பத்து நாளிக்கு ரெண்டு நாள் வல. அதுல தான் அரிசி வாங்கறேன். உன் நைனாவது ஒண்ணு, உன்னுது ஒண்ணு. நீ கப்பல் ஏறினா உன்னுது போச்சு. இவரு வாயத் தொறந்தா இவரதும் போச்சு. அப்ப நானும் என் பொண்ணுங்களும் உன்கூட ரங்கூனுக்கு வந்துடவா? அதுக்கு ஒரு பர்மிட்டு வாங்கிக் குடு."

கஞ்சியைக் குடித்தேன். அன்று அங்கேயே இருந்தேன். மாலையில் நைனா ஊர்த் தலைவர் எல்லப்பன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அடுத்து என் பேரில் உள்ள பாடு சனிக்கிழமை என்பது அன்றுதான் ஞாபகம் வந்தது. கப்பலும் சனிக்கிழமை.

வியாழக்கிழமை, காலை பத்து மணி. கட்டுமரங்கள் கரை ஏறி, மீன் விற்று முடிந்த பிறகு ஊர் கூடும். அம்மன் கோயில் முன் மணலில் உட்கார்ந்தார்கள். முப்பது தலைக்கட்டில் இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். தலைவர் எல்லப்பன் நைனாவோடு சின்ன வயதில் ஒரே கட்டுமரத்தில் போனவர். நைனா நின்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன்.

விஷயத்தைத் தலைவரே சொன்னார். இவன் ரங்கூன் போகிறான், அதற்கு அம்மா பர்மாக்காரி என்று காகிதம் வேண்டுமாம் என்றார். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. பின்வரிசையில் ஒருவர், அதை அவன் மூஞ்சியிலேயே எழுதிக்கீதே, தனியா காயிதம் இன்னாத்துக்கு என்றார். கொஞ்சம் சிரிப்பு. தலைவர் கை காட்டினார். நின்றது.

"எங்களுக்குக் கண்ணு இல்லியா? தெரியாம இல்ல. கேக்கல. கேட்டா நீ பதில் சொல்லணும். சொன்னா நாங்க பேர எடுக்கணும். அதான் கேக்காம இருந்தோம். இப்ப நீயா வந்து கேக்க வெக்கற."

தலைவர் நைனாவை நேராகப் பார்த்தார்.

"இப்ப கேக்கறேன். அந்தப் பொம்பளைய நீ கட்டினியா?"

வெயில் ஏறியிருந்தது. நைனா நேராகப் பார்த்துச் சொன்னார்:

"தாலி கட்டல."

"அப்ப?"

"கூட இருந்துச்சு. அவ்ளோதான்."

தலைவர் சுற்றிலும் பார்த்தார். இரண்டு மூன்று பேர் தங்களுக்குள் பேசினார்கள். கட்டவில்லை என்றால் வெளியே கட்டின குற்றம் இல்லை. அதனால் நைனாவின் பாடு போகாது. ஆனால் அவளுக்குப் பிறந்தவன் ஊர்ப் பிள்ளை இல்லை. அவன் பாடு போகும். அரை மணி நேரத்தில் இவ்வளவும் முடிந்தது. கோபமாக யாரும் பேசவில்லை. என் சனிக்கிழமையைப் புதிதாகக் கல்யாணம் ஆன ஒருவனுக்குக் கொடுத்தார்கள். அவன் என்னைப் பார்க்காமல் எழுந்து கும்பிட்டான்.

கடைசியில் தலைவர் இன்னும் ஒன்று சொன்னார்:

"காயிதத்துல மவன்னு எழுதாத. இன்னிக்கு இவன் போறான். நாளிக்கு இவன் புள்ளைங்க அத எடுத்துக்கினு வந்து பாடு கேக்கும். அந்தப் பொம்பள பெத்ததுன்னு எழுதிக்க. அதோட நிறுத்து."

பிறகு என்னைப் பார்த்தார். "நீ இன்னா சொல்ற?"

அம்மாவும் நைனாவும் சேர்ந்து சாப்பிட்ட தட்டு எனக்கு ஞாபகம் இருக்கிறது. பீங்கான் தட்டு, ஓரத்தில் நீலக் கோடு. ஓர் இடத்தில் விளிம்பு உடைந்திருக்கும். நைனா பக்கம் அந்த உடைசல் வரும்படி அம்மா வைக்கமாட்டாள். அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நைனாவின் பாடும் போகும், ஊர் விடாமல் அவர் கை வைக்கமாட்டார், என் காகிதமும் போகும்.

முகாமில் ஆட்டின மாதிரி தலையை ஆட்டினேன்.

வெள்ளிக்கிழமை. நைனாவும் நானும் முதல் வண்டிக்கு ராயபுரம் வந்தோம். இரண்டு டிக்கெட் எட்டணா. அவர் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார், தோளில் துண்டு. கோர்ட்டு வாசலில் பூவரச மரத்தடியில் அர்ஜி எழுதுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாவது ஆள் நன்றாக எழுதுவார், மூக்குக்கண்ணாடி போட்டவர். எழுத்துக் கூலி இரண்டு ரூபாய், முத்திரைத்தாள் தனி. நான் சொல்லியனுப்பியிருந்தபடி காதர் பாய் எட்டு மணிக்கே வந்து அவரிடம் உட்கார்ந்திருந்தார்.

அர்ஜிக்காரர் கேட்டுக் கேட்டு எழுதினார். நைனா பதில் சொன்னார். நைனாவின் வாக்காக எழுதினது இது: 1942இல் பச்சையம்மாள் என்று நான் சொன்னது உண்மையல்ல. அப்படி ஒரு பெண் இல்லை. டல்லாவில் மா மியா என்ற பர்மிய ஸ்திரீக்கு இந்த மாணிக்கம் என்கிற மவுங் சோ பிறந்தது எனக்கு நேரில் தெரியும். மேற்படி மா மியா எனக்கு மனைவி அல்ல.

காதர் பாய் குறுக்கே பேசினார்.

"என்னய்யா எழுதறீங்க? பதினெட்டு வருஷம் அந்த வீட்டுல சோறு தின்னேன். மனைவி இல்லன்னா யாரு எனக்குப் போட்டா?"

"காதரு, நீ அவன் பொறந்ததுக்குச் சாச்சி. அத மட்டும் சொல்லு" என்றார் நைனா.

"நீ சொல்றியா இத?"

"ஊர் சொல்லுது."

காதர் பாய் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். அர்ஜிக்காரர் இதெல்லாம் நிறையப் பார்த்தவர். பேனாவை நிறுத்திக்கொண்டு சாதாரணமாகக் கேட்டார்: பிறந்தது என்று மட்டும் இருக்கிறது, உங்களுக்குப் பிறந்தவன் என்று ஒரு வார்த்தை போடட்டுமா, போட்டால் பலமாக இருக்கும். அவர்கள் கேட்பது அம்மாவைத்தானே என்றார் நைனா. ஆமாம், கல்யாணம் ஆனதா என்று கூட அவர்கள் கேட்கவில்லை, யார் வயிறு என்றுதான் கேட்கிறார்கள் என்றார் அர்ஜிக்காரர். அப்போ வேண்டாம் என்றார் நைனா.

பதினொன்றரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். மாஜிஸ்திரேட் நல்ல மனிதர். அவசரப்படாமல் முழுக்கப் படித்தார். படித்துவிட்டு நைனாவைக் கேட்டார்:

"பெரியவரே, எல்லாம் சரி. இந்தப் பையன் உமக்கு என்ன வேணும்?"

நைனா துண்டைத் தோளிலிருந்து கையில் எடுத்தார்.

"கூட நடந்து வந்தவன், சார்."

மாஜிஸ்திரேட் மேலே கேட்கவில்லை. நைனாவின் இடது கட்டைவிரலை மையில் வைத்து அழுத்தினார்கள். முதல் தடவை சரியாக விழவில்லை. கயிறு இழுத்து இழுத்து ரேகை தேய்ந்துவிட்டது என்றார் குமாஸ்தா. இரண்டாவது தடவை பெருவிரலைத் துடைத்து வைத்தார்கள். விழுந்தது. காதர் பாய் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு வேலை இருக்கிறது என்று சீக்கிரம் போய்விட்டார். வேலை ஒன்றும் இல்லை.

வெளியே வந்ததும் நைனா விரலைச் சுவரில் தேய்த்தார். மை போகவில்லை.

ஸ்டேஷனுக்கு எதிரில் ஒரு சாப்பாட்டுக் கடை. மீன் குழம்புச் சோறு எட்டணா. இரண்டு பேருக்குச் சொன்னேன். எனக்கு முதலில் வந்தது. நான் கை வைக்கவில்லை. நைனா என்னைப் பார்க்காமல், "தமின் சா" என்றார். பர்மா பாஷையில் சோறு சாப்பிடு என்று அர்த்தம். அம்மா தினமும் சொல்வது. எட்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தப் பாஷையில் ஒரு வார்த்தை வந்ததில்லை. ஊரில் ஒருவர் காதிலும் விழக்கூடாது என்று விட்டுவிட்டார். நான் சாப்பிட்டேன்.

கை கழுவும்போது சொன்னார்:

"லெட்டரு போட்டா காதர் கடைக்குப் போடு. குப்பத்துக்குப் போடாத."

சரி என்றேன்.

ஒன்றேகால் வண்டிக்கு அவர் ஏறினார். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. மை பட்ட விரலை மடக்கித் துண்டுக்குள் வைத்துக்கொண்டிருந்தார். வண்டி போகும்போது திரும்பிப் பார்த்தாரா என்று தெரியவில்லை. நான் வண்டி நகர்வதற்கு முன்பே வெளியே வந்துவிட்டேன்.

சனிக்கிழமை. கப்பல் ஏறுகிறவர்கள் கவனத்துக்குச் சில விஷயம். காலரா ஊசியும் அம்மை ஊசியும் போட்ட சீட்டு இல்லாமல் துறைமுக வாசலில் விடமாட்டார்கள். டெக் டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். பாய், போர்வை, தண்ணீர்க் குடம் நாம் கொண்டுபோக வேண்டும். பெட்டியைக் கூலி தூக்க ஆறணா கேட்பான், நாலணாவுக்கு வருவான். பத்து மணிக்கு வரிசையில் நின்றால் பன்னிரண்டுக்கு உள்ளே போகலாம். நிழல் இல்லை.

பர்மிட் பார்க்கிற மேஜையில் என் காகிதத்தை இரண்டு பேர் படித்தார்கள். முத்திரை குத்தினார்கள். அவ்வளவு நாள் பட்டதற்கு இரண்டு நிமிஷம்தான். எனக்குப் பின்னால் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர், பத்து வருஷம் ரங்கூனில் இருந்தவர். அவருக்குப் பர்மிட் இல்லை. சொல்லிப் பார்க்கலாம் என்று வந்திருந்தார். உன்னிடம் மட்டும் எப்படி என்று கேட்டார். அம்மா என்றேன். கொடுத்து வைத்தவன் என்றார்.

மூன்று மணிக்குக் கப்பல் நகர்ந்தது. டெக்கில் பாய் விரிக்க இடம் தேடினேன். கயிற்றுச் சுருளுக்குப் பக்கத்தில் ஒரு பர்மாக்காரக் குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணிடம் கொஞ்சம் நகர முடியுமா என்று பர்மா பாஷையில் கேட்டேன். நகர்ந்தாள். தன் புருஷனிடம், இந்தக் கலா நன்றாகப் பேசுகிறான் என்றாள். கலா என்றால் அவர்கள் நம் ஆட்களைச் சொல்கிற வார்த்தை. மரியாதையான வார்த்தை இல்லை. புதன்கிழமை வண்டியில் நான் சப்பான். சனிக்கிழமை கப்பலில் கலா. நடுவில் மூன்று நாள்.

நாலு மணிக்குக் கப்பல் குமாஸ்தா ஒருவர் இறங்கும் சீட்டு எழுதிக்கொண்டு வந்தார். தமிழர், வயதானவர். பேர் கேட்டார். இரண்டு பேரையும் சொன்னேன். தாய் பேர், மா மியா. தகப்பன் பேர் கேட்டார். என் காகிதத்தை வாங்கிப் புரட்டினார்.

"இதுல தகப்பன் பேரே இல்லியே. இல்லியா, செத்துட்டாரா?"

"இருக்காரு. பேருதான் இல்ல."

அவர் கண்ணாடிக்கு மேல் பார்த்தார். இடத்தில் ஒரு கோடு போட்டார். அடுத்த பாய்க்குப் போனார்.

அப்போது கப்பல் வடக்கே எண்ணூருக்கு நேராக வந்திருந்தது. கரை நாலைந்து மைல் இருக்கும். சவுக்குத் தோப்பு கறுப்புக் கோடாகத் தெரிந்தது. கோடு ஓர் இடத்தில் அறுந்திருக்கும், அதுதான் முகத்துவாரம். தெரியாதவர்களுக்கு அது தெரியாது. ரங்கூன் ஆற்றில் டல்லா கரை அகலமானது, மரக்கப்பல் பத்து பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், யார் வேண்டுமானாலும் வலை போடலாம். இது ஒரு வாய்க்கால் அகலம். முப்பது பேருக்கு அது போதவில்லை.

கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அறுந்த இடத்தில் புள்ளியாக ஒரு படகு நின்றது. என் முறையாக இருந்த சனிக்கிழமையில் வலை போட்டிருந்தார்கள். அவ்வளவு தூரத்தில் யார் என்று தெரியாது. நைனா இல்லை என்று மட்டும் தெரியும்.